தீர்ப்பு வந்த பிறகு எத்தனை நாள்?

2023 ஜூலையில் மத்திய அரசு தன்னுடைய ஒப்பந்ததாரர்களிடம் ஒரு பேரம் பேசியது. ‘விவாத் சே விஸ்வாஸ்’ திட்டத்தின் இரண்டாம் பகுதி அது. அரசுத் துறையோடோ பொதுத்துறை நிறுவனத்தோடோ ஒப்பந்தத் தகராறில் சிக்கி, வழக்கில் ஜெயித்தும் பணம் கைக்கு வராமல் காத்திருப்பவர்கள், ஒரு பங்கை விட்டுக்கொடுத்துவிட்டு மீதியை உடனே வாங்கிக்கொள்ளலாம். நீதிமன்றத் தீர்ப்பு கையில் இருந்தால் 85 சதவீதம் வரை கிடைக்கும். நடுவர் மன்றத் தீர்ப்பு என்றால் 65 சதவீதம் வரைதான்.

சட்டத்தைப் படித்தவருக்கு இந்த 20 சதவீத வித்தியாசம் விளங்காது. நடுவர் மன்றத்தின் தீர்ப்பை நீதிமன்ற டிக்ரியைப் போலவே நிறைவேற்றலாம் என்கிறது 1996-ம் ஆண்டு நடுவர் சட்டத்தின் 36-வது பிரிவு. நீதிமன்றம் வேண்டாம், நாமே நடுவரை வைத்து விரைவாக முடித்துக்கொள்வோம் என்று இரு தரப்பும் கையெழுத்துப் போட்டு, நடுவர்களுக்குக் கட்டணமும் கொடுத்து, வாங்கிய தீர்ப்பு அது. அதற்கு நீதிமன்றத் தீர்ப்பைவிடக் குறைந்த விலை வைத்தது வேறு யாருமல்ல, நாட்டின் மிகப் பெரிய வழக்காளியான அரசு. ஜெயித்தவர் இன்னும் எத்தனை ஆண்டு அலைய வேண்டியிருக்கும் என்பது அரசுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது என்றே இதை நான் வாசிக்கிறேன்.

வணிக ஒப்பந்தத் தகராறுகளுக்கு நீதிமன்றத்துக்கு வெளியே தீர்வு காண்பதில் எந்த நாடு முன்னால் நிற்கிறது என்ற கேள்விக்கு வழக்கமாகச் சட்டப் புத்தகத்தை வைத்துப் பதில் சொல்கிறார்கள். புத்தகத்தில் வித்தியாசம் அதிகம் கிடையாது. ஒரு நாட்டில் வந்த நடுவர் தீர்ப்பை இன்னொரு நாடு ஏற்க வேண்டும் என்ற 1958-ம் ஆண்டு நியூயார்க் உடன்படிக்கையில் 170-க்கும் மேற்பட்ட நாடுகள் இருக்கின்றன. ஐ.நா.வின் வணிகச் சட்ட ஆணையம் 1985-ல் ஒரு மாதிரிச் சட்டம் எழுதிக் கொடுத்தது. சிங்கப்பூர் 1994-லும், இலங்கை 1995-லும், இந்தியா 1996-லும் சர்வதேச வழக்கத்தை ஒட்டிய புதுச் சட்டங்களை இயற்றின. இவற்றை வரிக்கு வரி ஒப்பிட்டால் உடன்பிறப்புகள் என்றுதான் தோன்றும்.

உலக வங்கி ஆண்டுதோறும் வெளியிட்டுவந்த ‘தொழில் செய்யும் எளிமை’ அறிக்கையும் இந்தக் குழியில்தான் விழுந்தது. மாற்றுத் தீர்வு முறைகளுக்கு அது 0 முதல் 3 வரை மதிப்பெண் போட்டது. நடுவர் சட்டம் இருக்கிறதா, சமரசத்துக்கு வழி இருக்கிறதா, சலுகை உண்டா என்பவைதான் கேள்விகள். ஏட்டில் இருந்தால் மதிப்பெண் உண்டு. அதே அறிக்கையின் 2020-ம் ஆண்டுப் பதிப்பு, ஒப்பந்த வழக்கு ஒன்றைத் தாக்கல் செய்து பணத்தை வசூலிப்பதுவரை சிங்கப்பூரில் 164 நாள், இந்தியாவில் 1,445 நாள், இலங்கையில் 1,318 நாள் ஆகும் என்றது. தரவுகளில் கைவைத்த விவகாரம் வெளிவந்து 2021-ல் அறிக்கையே நிறுத்தப்பட்டது. ஆகவே அந்த எண்களைத் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாட வேண்டியதில்லை. ஆனால் நாட்களை எண்ணிப் பார்ப்பது நல்ல யோசனை. தோற்றவர் சட்டத்தை மீறாமலேயே எத்தனை நாள் பணம் கட்டாமல் இழுத்தடிக்க முடியும்? நாடுகளை ஒப்பிட எனக்கு இந்த ஒரு கேள்வி போதும்.

இந்தியாவுக்கு டெல்லி விமான நிலைய மெட்ரோ வழக்கை எடுத்துக்கொள்ளலாம். புது டெல்லி ரயில் நிலையத்திலிருந்து விமான நிலையம் வழியாகத் துவாரகா வரை 22.7 கிலோமீட்டர் பாதை. தூண்களும் மேம்பாலமும் டெல்லி மெட்ரோ நிறுவனத்தின் பொறுப்பு. ரயில் ஓட்டுவது, ரிலையன்ஸ் இன்ஃப்ராஸ்ட்ரக்சர் தலைமையில் அமைந்த தனியார் நிறுவனத்தின் பொறுப்பு. ஒப்பந்தம் 2008 ஆகஸ்டில் கையெழுத்தானது. 2012-ல் மேம்பாலத்தின் கர்டர்களிலும் அவற்றைத் தாங்கும் பேரிங்குகளிலும் பழுது தெரிந்தது. 90 நாளில் சரிசெய்யுங்கள் என்று தனியார் நிறுவனம் ஜூலையில் நோட்டீஸ் கொடுத்தது. சரியாகவில்லை என்று சொல்லி அக்டோபரில் ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டது. 2013 ஜனவரியில் மெட்ரோ ரயில் பாதுகாப்பு ஆணையர், வேகக் கட்டுப்பாட்டோடு ரயிலை ஓட்டலாம் என்று சான்றிதழ் கொடுத்தார். ரயிலும் ஓடத் தொடங்கியது. பழுது சரியானதா இல்லையா என்பதுதான் வழக்கின் மையம்.

மூன்று நடுவர்கள் கொண்ட மன்றம் 2017 மே மாதம் தனியார் நிறுவனத்துக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. வட்டி நீங்கலாகச் சுமார் 2,782 கோடி ரூபாய். 2018 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றத்தின் ஒற்றை நீதிபதி அந்தத் தீர்ப்பு செல்லும் என்றார். 2019 ஜனவரியில் அதே நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு செல்லாது என்றது. 2021 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் செல்லும் என்றது. நவம்பரில் மறுஆய்வு மனுவும் தள்ளுபடியானது. கதை முடிந்தது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். 2024 ஏப்ரல் 10 அன்று, சீராய்வு மனு என்னும் கடைசிக் கதவு வழியாக, தலைமை நீதிபதி தலைமையிலான மூவர் அமர்வு தன் நீதிமன்றத்தின் பழைய தீர்ப்பையே ரத்து செய்தது. பாதுகாப்பு ஆணையரின் சான்றிதழ் என்ற முக்கியச் சாட்சியத்தை நடுவர்கள் கண்டுகொள்ளவில்லை என்பது காரணம். மெட்ரோ நிறுவனம் அதுவரை செலுத்திய பணத்தைத் திருப்பிக் கொடுக்கவும் உத்தரவானது. வட்டியோடு சேர்த்து அப்போது கணக்கு 8,000 கோடியைத் தொட்டிருந்தது.

சான்றிதழ் விஷயத்தில் கடைசி அமர்வு சொன்னது சரியாகக்கூட இருக்கலாம். பழுது சரியாகவில்லை என்று சொல்லும் பாதையில் ரயில் எப்படி ஓடியது என்ற கேள்வியை நடுவர்கள் நேருக்கு நேர் சந்தித்திருக்க வேண்டும். எனக்கு உறுத்துவது வேறு. சீராய்வு மனு என்ற வழி, நீதிமன்றத்தால் பெரும் அநீதி நேர்ந்துவிட்டால் அதைத் திருத்த 2002-ல் உச்ச நீதிமன்றம் தானாக உண்டாக்கிக்கொண்டது. இரண்டு கம்பெனிகளின் பணத் தகராறுக்கும் அந்தக் கதவு திறக்கும் என்று தெரிந்துவிட்டால், தோற்றவர் எவரும் கடைசிக் காசைக் கட்டுவதற்குமுன் அந்தக் கதவைத் தட்டாமல் இருக்கமாட்டார். கர்டரின் விரிசலைப் பற்றிப் பொறியியல் தெரிந்த நடுவர்கள் சொன்னது முடிவா, அல்லது வெறும் தொடக்கமா என்ற சந்தேகம் ஒவ்வொரு ஒப்பந்தத்திலும் ஏறிக்கொள்ளும்.

இது ஒரு வழக்கின் தலைவிதியும் அல்ல. 1996 சட்டத்தின்படி, தீர்ப்பை எதிர்த்து ஒரு மனு போட்டாலே அது தானாக நின்றுபோகும். தடை உத்தரவு கேட்கக்கூட வேண்டாம். 2015-ம் ஆண்டுத் திருத்தம் வரும்வரை, ஏறக்குறைய இருபது ஆண்டுகள், இதுதான் நிலைமை. இதற்கிடையே 2003-ல் ஓஎன்ஜிசி வழக்கொன்றில், தீர்ப்பு வெளிப்படையாகவே சட்டத்துக்கு விரோதமாக இருந்தால் ரத்து செய்யலாம் என்று உச்ச நீதிமன்றம் சொல்ல, தோற்ற தரப்பு ஒவ்வொன்றும் தன் தீர்ப்பில் ஒரு சட்ட விரோதத்தைக் கண்டுபிடித்தது. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி விடமாட்டார் என்ற கதைதான். கட்டுமான நிறுவனங்கள் பணமில்லாமல் தள்ளாடியபோது, 2016 ஆகஸ்டில் மத்திய அமைச்சரவைக் குழு ஒரு முடிவெடுத்தது: அரசு நிறுவனம் தீர்ப்பை எதிர்த்து வழக்காடினால், வங்கி உத்தரவாதம் பெற்றுக்கொண்டு 75 சதவீதத்தை முதலில் கொடுத்துவிட வேண்டும். நல்ல விதி. ஏழு ஆண்டு கழித்து 65 சதவீதப் பேரம் தேவைப்பட்டதிலிருந்து அது எவ்வளவு தூரம் நடைமுறைக்கு வந்தது என்று ஊகித்துக்கொள்ளலாம்.

சிங்கப்பூரிலும் நீதிமன்றம் நடுவர் தீர்ப்பை ரத்து செய்கிறது. இதைச் சொல்லக் காரணம், அங்கே நீதிமன்றம் தலையே நீட்டாது என்று நம்மவர்கள் பலர் நம்புகிறார்கள். 2025 ஏப்ரல் 8 அன்று சிங்கப்பூர் மேல்முறையீட்டு மன்றம் ‘ரத்து சரியே’ என்று உறுதிசெய்த நடுவர் தீர்ப்பு, இந்தியாவின் சரக்கு ரயில் பாதை ஒன்றைப் பற்றியது. 2017-ல் மத்திய அரசு குறைந்தபட்சக் கூலியை உயர்த்தியது. அந்தக் கூடுதல் செலவை யார் ஏற்பது என்று ஒப்பந்ததாரர்களுக்கும் ரயில் பாதை நிறுவனத்துக்கும் சண்டை. இதே கேள்வி மூன்று ஒப்பந்தங்களில் எழுந்து மூன்று நடுவர் மன்றங்களுக்குப் போனது. மூன்றிலும் தலைமை நடுவர் ஒருவரே. மற்ற நடுவர்கள் வேறு. முதல் இரண்டில் எழுதிய தீர்ப்புகளிலிருந்து மூன்றாவதற்குப் பத்தி பத்தியாக எடுத்து ஒட்டியிருந்தார்கள். 451 பத்திகளில் குறைந்தது 212 அப்படி வந்தவை. இந்த வழக்கில் யாரும் வைக்காத வாதங்களை வைத்ததாக எழுதி அவற்றுக்குப் பதிலும் சொல்லியிருந்தார்கள்.

கூலி உயர்வை யார் ஏற்பது என்ற கேள்வியைச் சிங்கப்பூர் நீதிமன்றம் தொடவே இல்லை. அதற்கான விடை சரியா தவறா என்பது அந்த நீதிபதிகளின் வேலை அல்ல. வழக்காடியவரின் பேச்சைத் திறந்த மனத்தோடு கேட்டார்களா என்பதை மட்டும் பார்த்தார்கள். கேட்கவில்லை, ஆகவே ரத்து. முதல் நிலை நீதிமன்றம் 2024 ஆகஸ்டில் ரத்து செய்தது, மேல்முறையீடு எட்டு மாதத்தில் முடிந்தது. மெட்ரோ வழக்கில் இந்திய நீதிமன்றங்கள் நான்கு முறை விரிசலையும் சான்றிதழையும் எடைபோட்டன. நடுவர் எப்படி விசாரித்தார் என்று பார்ப்பதற்கும் என்ன முடிவெடுத்தார் என்று பார்ப்பதற்கும் இடையே உள்ள கோடு இரு நாட்டுச் சட்டத்திலும் உண்டு. ஒரு நாட்டு நீதிபதிகள் அதைத் தாண்டுவதில்லை.

சிங்கப்பூர் இதை வெறும் நீதி உணர்வால் செய்யவில்லை, இது அவர்களுக்குத் தொழில். 1991-ல் தன் சர்வதேச நடுவர் மையத்தைத் திறந்தது. 2010-ல் பழைய சுங்க மாளிகையைப் புதுப்பித்து விசாரணைக் கூடங்களாக மாற்றியது. 2014-ல் சமரச மையமும் 2015-ல் சர்வதேச வணிக நீதிமன்றமும் வந்தன. 2020-ல் அந்த நடுவர் மையத்துக்கு 1,080 புதிய வழக்குகள் வந்தன. அவற்றில் இந்தியத் தரப்பினர் மட்டும் 690 பேர். இந்தியர்கள் இந்தியர்களோடு போடும் சண்டைக்குக்கூட விமானம் ஏறுகிறார்கள். நம் கம்பெனிகள் சட்டப் புத்தகத்தைப் பார்த்து ஊரைத் தேர்ந்தெடுப்பதில்லை என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

இங்கிலாந்தும் ஒரு காலத்தில் தலையிடும் நீதிமன்றம்தான். சட்டக் கேள்வி எழுந்தால் நடுவர் அதை எழுதி நீதிமன்றத்தின் கருத்துக்கு அனுப்ப வேண்டிய பழைய முறையை, தோற்பவர்கள் காலம் கடத்தப் பயன்படுத்தினார்கள். லண்டனுக்கு வரும் வழக்குகள் வேறு ஊர்களுக்குப் போய்விடும் என்ற கவலை வந்த பிறகுதான் 1979-ல் அதை ஒழித்தார்கள். இன்றும் அங்கே சட்டப் பிழைக்காக மேல்முறையீடு செய்ய நடுவர் சட்டத்தின் 69-வது பிரிவில் இடம் உண்டு. ஆனால் அதற்கு அனுமதி கிடைப்பது அரிது. அந்த உரிமையை முன்கூட்டியே கைவிடவும் முடியும்.

கைகட்டி நிற்பதற்கும் விலை உண்டு. நைஜீரிய அரசு 2010-ல் ஒரு சிறு நிறுவனத்தோடு இருபது ஆண்டு எரிவாயு ஒப்பந்தம் போட்டது. ஆலை கட்டப்படவே இல்லை. ஆனாலும் 2017 ஜனவரியில் லண்டன் நடுவர் மன்றம் நைஜீரியா 660 கோடி டாலரும் 7 சதவீத வட்டியும் கட்ட வேண்டும் என்றது. வட்டி மட்டும் நாளுக்குப் பத்து லட்சம் டாலருக்கு மேல் ஏறியது. ஒப்பந்தம் லஞ்சத்தில் பிறந்தது, விசாரணையில் பொய்ச் சாட்சியம் வந்தது, நைஜீரியா தன் வழக்கறிஞர்களோடு நடத்திய ரகசியக் கடிதப் போக்குவரத்து எதிர்த் தரப்பின் கையில் இருந்தது என்பதெல்லாம் பிறகு வெளிவந்தன. மனுப் போடும் கெடு 28 நாள்தான். அது எப்போதோ கடந்துவிட்டிருந்தும் லண்டன் உயர் நீதிமன்றம் கெடுவைத் தளர்த்தி விசாரித்து, 2023 அக்டோபரில் தீர்ப்பை ரத்து செய்தது. மூடிய அறையில் நடக்கும் விசாரணையில் ஒரு நாட்டின் மக்கள் பணம் எப்படிக் கரைகிறது என்பது வெளியே யாருக்கும் தெரிவதில்லை என்று நீதிபதி கவலைப்பட்டார். அரசு சம்பந்தப்பட்ட ஒப்பந்தங்களில் நீதிமன்றம் எட்டிப் பார்க்கவே கூடாது என்று வாதிடுபவர்கள் இந்த வழக்கை ஒருமுறை படிக்க வேண்டும்.

இங்கிலாந்திடமிருந்து உண்மையில் கற்க வேண்டியது இதுவல்ல, கட்டுமானத் தொழிலுக்காக அவர்கள் 1996-ல் எழுதி 1998 மே மாதம் நடைமுறைக்குக் கொண்டுவந்த சட்டம். பெரிய ஒப்பந்ததாரர் பில்லை நிறுத்திவைத்தால், அடியில் இருக்கும் துணை ஒப்பந்ததாரர், பெயின்டர், எலெக்ட்ரீஷியன் வரை எல்லோரும் முடங்குவார்கள். வழக்கு முடிவதற்குள் கம்பெனி இருக்காது. ஆகவே, எந்த நேரத்திலும் ஒரு தீர்ப்பாளரிடம் போகலாம், அவர் 28 நாளில் முடிவு சொல்ல வேண்டும், அந்தத் தொகையை முதலில் கட்ட வேண்டும் என்று சட்டம் வைத்தார்கள். முடிவு தவறு என்றால் பிறகு நீதிமன்றத்திலோ நடுவர் மன்றத்திலோ வழக்காடிப் பணத்தைத் திரும்பப் பெறலாம். தீர்ப்பாளர் அவசரத்தில் தவறு செய்யக்கூடும் என்பது தெரிந்தே எழுதிய சட்டம். 1999-லேயே ஆங்கில நீதிமன்றம், பிழை இருந்தாலும் முதலில் கட்டு என்று உறுதியாகச் சொல்லிவிட்டது. பணம் கைமாறிய பிறகு பெரும்பாலோர் வழக்கைத் தொடர்வதில்லை.

இந்தச் சட்டம் நாடு நாடாகப் பரவியது. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் 1999-ல், சிங்கப்பூர் 2004-ல், மலேசியா 2012-ல் எடுத்துக்கொண்டன. ஹாங்காங்கின் சட்டம் 2025 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்தது. இந்தியாவில் இப்படி ஒரு சட்டம் இல்லை. பெரிய ஒப்பந்தங்களில் தகராறு வாரியம் என்று ஒரு பிரிவு எழுதியிருப்பார்கள். அதன் முடிவை ஏற்க மறுத்து நடுவர் மன்றம் போனால், பணம் மறுபடி நின்றுபோகும்.

சீனாவை இந்தப் பட்டியலில் சேர்த்தால் பலர் முகம் சுளிப்பார்கள். ஆனால் அங்கே 1995 முதல் ஒரு விதி இருக்கிறது: வெளிநாட்டு நடுவர் தீர்ப்பை ஏற்க மறுக்க நினைக்கும் கீழ் நீதிமன்றம், மேல் நீதிமன்றம் வழியாக உச்ச மக்கள் நீதிமன்றம் வரை அனுப்பி ஒப்புதல் வாங்க வேண்டும். ஏற்றுக்கொள்வதற்கு யாரையும் கேட்க வேண்டாம். உள்ளூர்ச் செல்வாக்கில் ஒரு நீதிபதி தீர்ப்பைக் கவிழ்த்துவிடுவதற்கு இது நல்ல தடுப்பு.

சீனாவின் இன்னொரு வழக்கம், நடுவரே சமரசமும் பேசுவது. ஷியான் நகரத்தில் நடந்த ஒரு வழக்கில், நடுவர்களில் ஒருவரும் நடுவர் ஆணையத்தின் செயலாளரும், ஒரு தரப்போடு தொடர்புள்ள ஒருவரை ஷாங்ரி-லா ஹோட்டலில் இரவுச் சாப்பாட்டின்போது சந்தித்து, 25 கோடி யுவான் கொடுத்தால் முடித்துக்கொள்ளலாம் என்று பேசினார்கள். சமரசம் நடக்கவில்லை. பிறகு வந்த தீர்ப்பு அந்தத் தரப்புக்கு எதிராக அமைந்தது. 2011-ல் ஹாங்காங்கின் முதல் நிலை நீதிமன்றம், பார்ப்பவருக்குப் பாரபட்சமாகத் தெரியும் என்று இந்தத் தீர்ப்பை ஏற்க மறுத்தது. மேல்முறையீட்டு மன்றம், அந்த ஊரில் இப்படித்தான் சமரசம் பேசுவார்கள் என்பதையும் கணக்கில் எடுத்து, ஏற்றுக்கொண்டது.

நமக்கு இது அந்நியமாகத் தோன்ற வேண்டியதில்லை. சிறு, குறு தொழில்களுக்கான 2006-ம் ஆண்டுச் சட்டத்தில் இதே ஏற்பாடு உண்டு. கோவையில் உதிரி பாகம் செய்து கொடுக்கும் ஒரு பட்டறைக்கு, வாங்கியவர் அதிகபட்சம் 45 நாளில் பணம் கொடுக்க வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கி விகிதத்தைப்போல மூன்று மடங்கு, மாதாமாதம் கூட்டு வட்டி. புகார் போகும் வசதிப்படுத்தும் மன்றமே முதலில் சமரசம் பேசி, முடியாவிட்டால் நடுவராகவும் அமரலாம். ஒப்பந்தத்தில் வேறு நடுவர் பிரிவு இருந்தாலும் இந்தச் சட்டமே மேலோங்கும் என்று 2022 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. தோற்ற கம்பெனி எதிர்த்து வழக்குப் போட வேண்டுமென்றால் தீர்ப்புத் தொகையில் 75 சதவீதத்தை முதலில் நீதிமன்றத்தில் கட்ட வேண்டும். நாட்களை வைத்து அளந்தால், இந்திய வணிகத் தகராறுச் சட்டங்களிலேயே உருப்படியானது இதுதான் என்பேன். அதன் பலவீனம் சட்டத்துக்கு வெளியே இருக்கிறது. அடுத்த ஆர்டரும் அதே கம்பெனியிடமிருந்துதான் வர வேண்டும் என்ற நிலையில், பட்டறைக்காரர் புகார் எழுதத் துணிவதில்லை. எழுதுகிறவர் பெரும்பாலும் தொடர்பு முறிந்த பிறகே எழுதுகிறார்.

சமரசத்தைப் பற்றி ஊர் உலகம் எல்லாம் நல்ல வார்த்தை பேசுகிறது. 2019 ஆகஸ்ட் 7 அன்று சிங்கப்பூரில் சமரச உடன்படிக்கையில் 46 நாடுகள் கையெழுத்திட்டன. இந்தியாவும் இலங்கையும் அன்றே கையெழுத்திட்டன. அதற்கான உள்நாட்டுச் சட்டத்தை இலங்கை 2024-ல் நிறைவேற்றிவிட்டது, இந்தியா இன்னும் உறுதி செய்யவில்லை. நம்முடைய 2023-ம் ஆண்டுச் சமரசச் சட்டம் பகுதி பகுதியாகத்தான் நடைமுறைக்கு வருகிறது. இத்தனைக்கும் நீதிமன்றத்தோடு இணைந்த சமரச மையத்தை 2005-லேயே சென்னை உயர் நீதிமன்றம் தொடங்கி நாட்டுக்கு வழிகாட்டியது. இத்தாலி சமரசத்தைக் கட்டாயமாக்கி, 2012-ல் அரசியல் சாசன நீதிமன்றத்தில் அடிவாங்கி, அடுத்த ஆண்டே திருத்தி மறுபடி கொண்டுவந்தது. முதல் கூட்டத்துக்கு வந்தே ஆக வேண்டும், பிடிக்கவில்லை என்றால் எழுந்து போகலாம் என்பது அந்த ஏற்பாடு.

தனியாரும் தனியாரும் மோதும் வழக்கில் இவை பலன் தரும். எதிரே அரசு அதிகாரி உட்கார்ந்தால் கதை வேறு. நூறு கோடி கேட்டவருக்கு அறுபது கோடி கொடுத்து முடித்தார் என்று கோப்பில் பதிவானால், ஐந்து ஆண்டு கழித்து தணிக்கையோ விஜிலென்ஸோ அந்த அறுபதுக்குக் காரணம் கேட்கும். வழக்காடித் தோற்று, வட்டியோடு நூற்றைம்பது கொடுத்தால் யாரும் கேட்கமாட்டார்கள், நீதிமன்ற உத்தரவு கையில் இருக்கும். எந்த அதிகாரி எதைத் தேர்ந்தெடுப்பார்?

இந்தப் பின்னணியில்தான் 2024 ஜூன் 3 அன்று நிதி அமைச்சகம் ஒரு சுற்றறிக்கை விட்டது. அரசுக் கொள்முதல் ஒப்பந்தங்களில் நடுவர் மன்றப் பிரிவை வழக்கமாகச் சேர்க்க வேண்டாம். சேர்ப்பதானால் 10 கோடி ரூபாய்க்குக் குறைவான தகராறுகளுக்கு மட்டும் பொதுவாக வைத்துக்கொள்ளுங்கள். மற்றவற்றுக்குச் சமரசம் பேசுங்கள், ஒத்துவராவிட்டால் நீதிமன்றம் போங்கள் என்றது. நடுவர் மன்றம் எதிர்பார்த்த வேகத்தையும் இறுதித்தன்மையையும் தரவில்லை என்பது அதில் சொன்ன காரணங்களில் ஒன்று. தீர்ப்புகளை வழக்கமாக எதிர்த்துவந்த தரப்பே இப்படிச் சொல்வது வேடிக்கைதான். அதே ஆண்டு அக்டோபரில் சட்ட அமைச்சகம் வெளியிட்ட வரைவு மசோதா எதிர்த்திசையில் போகிறது. நடுவர் நிறுவனங்களை வலுப்படுத்தவும், தீர்ப்பை எதிர்ப்பவர் நீதிமன்றத்துக்குப் பதில் மேல்முறையீட்டு நடுவர் மன்றத்துக்குப் போகவும் அது வழி சொல்கிறது. ஒரே அரசின் இரண்டு அமைச்சகங்கள், நான்கு மாத இடைவெளியில்.

இன்று 500 கோடி ரூபாய் டெண்டருக்கு விலை போடும் ஒப்பந்ததாரர், தகராறு வந்தால் முதலில் சமரசம், பிறகு சிவில் நீதிமன்றம் என்று படிக்கிறார். சமரசத் தொகையைப் பரிசீலிக்க ஓய்வுபெற்ற நீதிபதியும் ஓய்வுபெற்ற உயர் அதிகாரியும் அடங்கிய உயர்மட்டக் குழு அமைக்கலாம் என்று அந்தச் சுற்றறிக்கை யோசனை சொல்கிறது. குழு பரிந்துரைக்கும். ஒப்புதல் கோப்பு, தணிக்கைக்குப் பதில் சொல்ல வேண்டிய அதே துறையின் மேசைக்குத்தான் திரும்பி வரும்.